மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு: அடிக்காமல், கத்தாமல் எப்படி நடத்துவது?

கணக்குப்பலகை | ஜூன் 19, இரவு 8.40

வணக்கம். தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் இந்த ஆண்டுதான் கணக்குப் பட்டதாரி ஆசிரியையாகச் சேர்ந்தேன். ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் 46 பேர். வாரத்தில் நான்கு நாள், மதிய உணவு முடிந்து மணி அடித்ததும் வருகிற பாடவேளை என்னுடையது.

நான் உள்ளே போகும்போது பாதிப் பேர் குழாயடியில் தட்டுக் கழுவிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் வந்து உட்கார்வதற்குள் முன்பே உட்கார்ந்தவர்கள் எழுந்துவிடுவார்கள். வருகைப்பதிவு எடுத்து, புத்தகத்தைத் திறக்கச் சொல்லி, மூடியவர்களை மறுபடி திறக்கச் சொல்லிப் பதினைந்து நிமிடம் போய்விடுகிறது. கரும்பலகைப் பக்கம் திரும்பினால் முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம் கிளம்பும். திரும்பிப் பார்த்தால் 46 முகமும் அப்பாவியாக இருக்கும். கடைசி பெஞ்சில் ஒருவன் மேசையில் தாளம் போடுவான், பக்கத்தில் இருப்பவன் தூங்குவான். நான் கத்துகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் தொண்டை கட்டிவிடுகிறது.

நேற்றுப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் பிரம்போடு வந்து வாசலில் நின்றார். ஒரு சொல்கூடப் பேசவில்லை. வகுப்பு அடங்கிவிட்டது. அந்த அமைதியில் எனக்கு வந்த நிம்மதிதான் இரவு முழுவதும் உறுத்தியது. அடிக்க மாட்டேன் என்று முடிவு செய்துதான் இந்த வேலைக்கு வந்தேன். பி.எட். பயிற்சிக் காலத்தில் நான் வகுப்பு எடுக்கும்போது அந்த வகுப்பின் ஆசிரியர் பின்னால் உட்கார்ந்திருப்பார். பிள்ளைகள் அவருக்காகத்தான் அடங்கியிருந்தார்கள் என்பது இப்போது தெரிகிறது.

நாளை மதியம் அந்த அறைக்குள் நுழைந்ததும் நான் முதலில் என்ன செய்ய வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பழையபள்ளி | ஜூன் 19, இரவு 9.15

டீச்சர், மனதில் பட்டதை மறைக்காமல் சொல்கிறேன். நான் 22 ஆண்டு வகுப்பெடுத்தவன். “கண் இரண்டையும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்” என்று சொல்லி அப்பாக்கள் பிள்ளையை ஒப்படைத்த காலம் அது. அந்த வகுப்புகளில் படித்தவர்கள் இன்று சாலையில் என்னைக் கண்டால் வண்டியை நிறுத்திக் கும்பிடுகிறார்கள். இப்போது ஆசிரியர் குரலை உயர்த்தினாலே செல்பேசியில் படம் பிடிக்கிறார்கள், மறுநாள் உறவினர் பட்டாளம் வாசலில் நிற்கிறது. மாணவன் ஆசிரியரைத் தாக்கிய செய்திகளும் வருகின்றன. ஆசிரியருக்குத் துணை நிற்க யார் இருக்கிறார்கள்? பிரம்பால் அடிக்க வேண்டாம். மேசை மீது கிடந்தால் போதும். படிக்க வருகிற 30 பேரின் நேரத்தைக் காப்பாற்றுவதும் ஆசிரியரின் கடமைதான்.


கடைசிபெஞ்ச் | ஜூன் 19, இரவு 10.50

நான் ஆசிரியன் இல்லை. கோவையில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறேன். டீச்சர் எழுதியிருக்கும் அந்தத் தாளம் போடும் பையன் ஒரு காலத்தில் நான்தான். அதனால் எழுதலாம் என்று தோன்றியது.

ஐந்தாம் வகுப்பில் பின்னம் வந்தபோது எனக்கு அம்மை போட்டிருந்தது. மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தேன். அன்று விட்டது, பத்தாம் வகுப்பு வரை கைக்கு வரவில்லை. ஒவ்வோர் ஆண்டும் அதன் மேல் புதிது புதிதாக ஏதோ கட்டிக்கொண்டே போனார்கள். எழுப்பிக் கேள்வி கேட்டால் எல்லார் முன்பும் தெரியாமல் நிற்க வேண்டும். பெண்பிள்ளைகள் பார்ப்பார்கள். அதைவிடச் சத்தம் போட்டு வெளியே அனுப்பப்படுவது எவ்வளவோ மேல். ‘தெரியாதவன்’ என்று பெயர் எடுக்க எனக்கு வெட்கமாக இருந்தது, ‘அடங்காதவன்’ என்று பெயர் எடுக்க வெட்கமாக இல்லை.

பிரம்பைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு அது ஒரு வசதி. ஐந்து நொடி வலித்துவிட்டால் நாற்பது நிமிடம் கணக்குப் போட வேண்டியதில்லை. அடித்தவரும் கடமை முடிந்தது என்று போய்விடுவார்.

இன்று வெர்னியர் அளவுகோலில் 0.02 மில்லிமீட்டர் வரை அளந்து வேலை செய்கிறேன். அன்று புரியாத தசமத்தைப் பட்டறையில் ஓர் அண்ணன் இரும்புத் தண்டைக் கையில் கொடுத்து இரண்டு நாளில் புரியவைத்தார். டீச்சர், அந்தப் பையனுக்கு எங்கே விட்டுப்போனது என்று பாருங்கள்.


வேப்பமரத்தடி | ஜூன் 20, காலை 6.05

கடைசிபெஞ்ச் தம்பி எழுதியதை மூன்று முறை படித்தேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் நான், தஞ்சாவூர்ப் பக்கம்.

பழையபள்ளி ஐயா, உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் சட்டத்தைப் பற்றி முதலில் ஒரு சொல். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 2003-இல், கல்வி விதிகளைத் திருத்தி இதை விலக்கிவிட்டார்கள். மேசை மீது கிடக்கிற பிரம்பு அடிக்காமலே அச்சுறுத்துவதற்காகத்தான் அங்கே கிடக்கிறது. புதிதாக வந்த ஓர் ஆசிரியையை அந்த வழியில் போகச் சொல்லாதீர்கள்.

சட்டத்தை விடுங்கள். நானும் பன்னிரண்டு ஆண்டு அடித்தேன். ஏழாம் வகுப்பில் ஒரு பையன், வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று கையில் இரண்டு கொடுத்தேன். மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. தேடிப் போனபோது அரிசி ஆலையில் உமி அள்ளிக்கொண்டிருந்தான். “கை வீங்கிவிட்டது சார், எழுத முடியாது என்று அப்பா இங்கே சேர்த்துவிட்டார்” என்றான். கோபமே இல்லாமல் சொன்னான். அவனை நான் திரும்பப் பள்ளிக்குக் கொண்டுவர முடியவில்லை. அன்றைக்கு விட்டதுதான் பிரம்பு.

டீச்சர், உங்கள் வகுப்பில் தலைவன் பேசுகிறவர்களின் பெயரைப் பலகையில் எழுதுகிறானா? எழுதினால் நாளையே நிறுத்துங்கள். பெயரை அழிப்பதற்குக் கொய்யாப்பழமும் பேனாவும் கைமாறும். வேண்டாதவன் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு கோடு விழும். நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளைக்கு வேறு வேலை இருந்தது. அவன் இளையவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தான். 1790களில் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளின் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், இந்த நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் முறையைத் தன் இல்லத்தில் அமைத்தார். இங்கிலாந்துக்கு அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரிலேயே போனது. நாமோ கற்பிக்கிற பாதியைத் தொலைத்துவிட்டு, காவல் காக்கிற பாதியை மட்டும் பிள்ளைகள் கையில் கொடுத்திருக்கிறோம். உங்கள் தலைவனுக்கு இரண்டு பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலையைக் கொடுங்கள்.

இன்னொன்று. ஒருவனைக் கண்டிக்க வேண்டுமானால் அவன் இருக்கும் இடத்துக்குப் போய், அவனுக்கு மட்டும் கேட்கும் குரலில் சொல்லிவிட்டு, உடனே திரும்பி நடந்துவிடுங்கள். அவன் கீழ்ப்படிகிறானா என்று முன்னால் நின்று பார்க்காதீர்கள். நீங்கள் நகர்ந்த பிறகு, தோற்றதாகத் தெரியாமல், அவனே புத்தகத்தை எடுப்பான்.


ஆங்கிலப்பாடம் | ஜூன் 20, மாலை 5.30

சேலத்தில் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். எங்களுக்கும் பிரச்சினை குறைவில்லை. பிள்ளைகளுக்குப் பதில் பெற்றோரின் வாட்ஸ்அப் குழு சத்தம் போடும், அவ்வளவுதான் வேறுபாடு.

நுழைந்ததும் என்ன செய்வது என்று கேட்டீர்கள். நுழைவதற்கு முன்பே செய்துவிடுங்கள். மதிய இடைவேளையில் இரண்டு நிமிடம் ஒதுக்கிப் பலகையில் மூன்று கணக்கு எழுதி வையுங்கள். முதல் கணக்கு யாராலும் போட முடிவதாக இருக்கட்டும். குழாயடியிலிருந்து வருகிறவன் வந்தவுடன் எழுத வேண்டும், யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது. அவர்கள் எழுதும் நேரத்தில் நீங்கள் வருகைப்பதிவை முடித்துவிடலாம். எல்லாரும் அடங்கிய பிறகு பாடம் தொடங்கலாம் என்று நின்றால் அந்த நேரம் வராது.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கவும் பழகுங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் ஏறத்தாழ ஒரு நொடிதான் பொறுத்தார்கள். அதற்குள் பதில் வராவிட்டால் அடுத்தவனைக் கேட்டார்கள், அல்லது தாங்களே சொன்னார்கள். அதை மூன்று நொடியாக்கியபோது பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகள் பேசினார்கள், ஒழுங்குபடுத்த வேண்டிய தேவைகூடக் குறைந்தது. என் வகுப்பில் நான் மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறேன். முதல் வாரம் அந்த மூன்று நொடி மூன்று நிமிடம் போல இருந்தது.

பெயரைக் கடைசியில் சொல்லுங்கள். “முருகா, விடை என்ன?” என்று தொடங்கினால் முருகனைத் தவிர மற்ற 45 பேருக்கும் விடுமுறை.


கணக்குப்பலகை | ஜூன் 20, இரவு 9.00

எல்லாருக்கும் நன்றி. ஆம் ஐயா, பெயர் எழுதும் வழக்கம் இருக்கிறது. நான்தான் எழுதச் சொன்னேன். நாளை நிறுத்துகிறேன். கடைசிபெஞ்ச் அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்தபின் அந்தப் பையனை நான் இதுவரை ஒரு கணக்குக்காகவும் கூப்பிட்டதே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. ஐந்து முறை திட்டியிருக்கிறேன்.


சிறப்புக்கல்வி | ஜூன் 21, பிற்பகல் 3.10

ஒன்றியத்தில் சிறப்பாசிரியராக இருக்கிறேன். என்னிடம் ‘அடங்காத பிள்ளை’ என்று அனுப்பப்படுகிறவர்களில் சிலருக்கு நான் முதலில் செய்வது ஒன்றுதான். கடைசி பெஞ்சில் உட்கார வைத்து, பலகையில் உள்ள வரியைப் படிக்கச் சொல்வேன். போன ஆண்டு எட்டாம் வகுப்பில் ஒரு சிறுமி பக்கத்துப் பெண்ணோடு ஓயாமல் பேசுகிறாள் என்று புகார். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுக்கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள் அவள். கண்ணொளி காப்போம் திட்டத்தில் கண்ணாடி கிடைத்தது, பேச்சும் நின்றது. ஒரு பக்கக் காதில் சீழ் வடியும் பிள்ளை, கூப்பிட்டால் திரும்பாது. அதைத் திமிர் என்று எழுதிவிடுவார்கள்.

எழுத்துகளை மாற்றி மாற்றிப் படிக்கிற, வாய்க்கணக்கைச் சரியாகச் சொல்லிவிட்டுத் தாளில் தவறாக எழுதுகிற பிள்ளைகளும் உண்டு. கற்றல் குறைபாடாக இருக்கலாம். ஆசிரியை தானாக முடிவு கட்ட வேண்டாம், உங்கள் ஒன்றியத்துச் சிறப்பாசிரியரிடம் சொல்லுங்கள். தூங்குகிற பையனைப் பற்றி ஒரே கேள்வி: அவன் இரவில் எங்கே இருக்கிறான்?


விசில்சத்தம் | ஜூன் 21, மாலை 6.45

உடற்கல்வி ஆசிரியன். ஒரு வேண்டுகோள். வகுப்பு அடங்கவில்லை என்பதற்காக விளையாட்டுப் பாடவேளையை வெட்டாதீர்கள். கணக்குக்கும் அறிவியலுக்கும் எங்கள் பாடவேளையைக் கடன் கேட்பார்கள், திருப்பித் தந்தவர் கிடையாது. 14 வயதுப் பையனை எட்டுப் பாடவேளையும் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, அவன் கால் ஆடுகிறது என்று புகார் சொல்வது நியாயமா? உங்கள் வகுப்பில் பெரும் தொல்லை கொடுக்கிறவன் மைதானத்தில் எப்படி இருக்கிறான் என்று ஒருநாள் வந்து பாருங்கள். எங்கள் பள்ளியில் எல்லாருக்கும் தலைவலியாக இருந்தவன் கபடியில் பத்துப் பேரை ஒரு சொல்லுக்குக் கட்டுப்படுத்துகிறான்.

ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் முதல் பாடம் கணமொழிதானே, பொருள்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்துப் பார்ப்பது? அதை மைதானத்தில் நடத்தலாம். சுண்ணாம்புத் தூளும் கயிறும் உங்கள் பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடம் இருக்கும்.


கணக்குப்பலகை | ஜூலை 4, இரவு 8.20

இரண்டு வாரம் ஆயிற்று. நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன்.

பலகையில் மூன்று கணக்கு எழுதி வைக்கும் முறை முதல் இரண்டு நாள் சரியாக வரவில்லை. முன்வரிசைப் பெண்கள் ஒரே நிமிடத்தில் முடித்துவிட்டு ‘முடித்துவிட்டேன் டீச்சர்’ என்று கூவினார்கள். கடைசி வரிசையில் எழுதக் கொடுத்த தாள் ராக்கெட்டாகப் பறந்தது. மூன்றாம் நாள் முதல் கணக்கை மாற்றினேன்: ‘10 ரூபாய்க்கு 3 எலுமிச்சை என்றால் 50 ரூபாய்க்கு எத்தனை?’ தாளம் போடும் பையன் எழுதாமலே ‘பதினைந்து’ என்றான். சந்தையில் அவன் அம்மாவுக்குக் காய்கறிக் கடை. நான் ஒன்றும் பாராட்டவில்லை, ‘எப்படிக் கண்டுபிடித்தாய், பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்’ என்றேன். சொன்னான்.

விசில்சத்தம் சார், கணமொழியை மைதானத்தில் நடத்தினோம். இரண்டு பெரிய வட்டங்கள், ஒன்றோடொன்று வெட்டிக்கொள்ளும்படி. ஒன்று கபடி பிடிப்பவர்களுக்கு, மற்றொன்று கிரிக்கெட் பிடிப்பவர்களுக்கு. எல்லாரும் ஓடிப்போய் நின்ற பிறகு எண்ணினால் கபடி வட்டத்துக்குள் 27, கிரிக்கெட் வட்டத்துக்குள் 31. கூட்டினால் 58 வருகிறது, வகுப்பில் இருப்பதோ 46 பேர். ‘டீச்சர், தப்பாக எண்ணிவிட்டீர்கள்’ என்று சண்டைக்கு வந்தார்கள். மறுபடி எண்ணினார்கள். நடுவில் நின்ற 16 பேரை இரண்டு முறை எண்ணியிருக்கிறோம் என்று ஒரு பெண் கண்டுபிடித்தாள். வட்டத்துக்குள் 42, வெளியே எதுவும் பிடிக்காமல் நின்றவர்கள் 4. இரண்டு வட்டத்திலும் நிற்பவர்கள் ‘வெட்டு’, ஏதாவது ஒன்றிலாவது நிற்பவர்கள் ‘சேர்ப்பு’ என்பது அன்று பலருக்கும் மனதில் பதிந்துவிட்டது. சத்தம் இருந்தது, தலைமையாசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஆனால் அது கணக்கைப் பற்றிய சத்தம்.

மறுநாள் அறைக்குள் வந்து புத்தகத்தைத் திறந்ததும் பழைய நிலைக்குப் போய்விட்டது. தினமும் மைதானத்துக்கு அழைத்துப்போக முடியாதே. அந்தத் தூங்குகிற பையன் இன்னும் தூங்குகிறான்.


மலர்மொட்டு | ஜூலை 5, காலை 7.30

தொடக்கப்பள்ளி ஆசிரியை நான், 19 ஆண்டு. உயர்நிலைப் பள்ளிக்காரர்கள் எங்களிடம் யோசனை கேட்பதில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு எங்களிடம் விடை உண்டு என்று நினைக்கிறேன்.

செயல்வழிக் கற்றல் வந்த காலத்தில் நான் புதியவள். 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கினார்கள், நான்கைந்து ஆண்டில் மாநிலம் முழுவதும் வந்தது. பெஞ்சை எடுத்துவிட்டுப் பாய் விரித்தோம். பிள்ளைகளின் உயரத்துக்குச் சுவரில் கீழ்மட்டப் பலகை. ஏணிப்படி அட்டையைப் பார்த்து ஒவ்வொரு பிள்ளையும் தன் இடத்திலிருந்து படிக்கும். விடுப்பு எடுத்த பிள்ளை விட்ட படியிலிருந்து தொடரும். அதில் குறைகள் இருந்தன, அட்டைகளைத் தேடுவதிலேயே நேரம் போனதும் உண்டு. ஆனாலும் ஒன்று கற்றுக்கொண்டேன். தன்னால் முடிகிற வேலை கையில் இருக்கும் பிள்ளை வம்பு செய்வது குறைவு. இப்போது தொடக்க வகுப்புகளுக்கான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் கற்பிக்கிறோம்.

நீங்கள் செய்ய வேண்டியது, அந்த 46 பேரும் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று பார்ப்பது. ஐந்தாம் வகுப்புக் கணக்கு பத்துக் கொடுங்கள். கடன் வாங்கிக் கழித்தல், ஓரிலக்க எண்ணால் வகுத்தல், எளிய பின்னம். மதிப்பெண் போடாதீர்கள், யாரிடமும் காட்டாதீர்கள். விடையைப் பார்த்து நீங்கள் அழாமல் இருந்தால் போதும்.

அப்புறம் சிலேட்டு வாங்குங்கள். ஒன்பதாம் வகுப்புக்கா என்று கேட்பார்கள், கேட்கட்டும். கேள்வியைச் சொல்லுங்கள். எல்லாரும் எழுதி, நீங்கள் சொன்னதும் ஒரே நேரத்தில் உங்கள் பக்கம் காட்ட வேண்டும். யாருக்குப் புரிந்தது என்று பத்து நொடியில் தெரிந்துவிடும். தவறாக எழுதினவன் துடைத்துவிடலாம், தழும்பு இருக்காது. நோட்டில் தவறு செய்யப் பயப்படுகிற பிள்ளை சிலேட்டில் பயப்படாது.

குரல் கட்டுவதற்கு: கத்தாதீர்கள். நான் மூன்று முறை கைதட்டுவேன், கேட்டவர்கள் இரண்டு முறை தட்டுவார்கள். பெரிய பிள்ளைகளுக்கு அது சின்னப்பிள்ளைத்தனமாகத் தோன்றினால் கையை உயர்த்திக்கொண்டு சும்மா நில்லுங்கள். எவ்வளவு சத்தமாக இருந்தாலும் அதற்கு மேல் பேச முயலக் கூடாது.


ஆங்கிலப்பாடம் | ஜூலை 5, இரவு 7.50

இருக்கையை மாற்றிப் பார்த்தீர்களா? 2025 ஜூலையில் ‘ப’ வடிவ இருக்கையைப் பற்றித் தமிழ்நாடு முழுவதும் பேச்சாக இருந்தது. கடைசி பெஞ்ச் என்பதே இருக்கக் கூடாது என்ற எண்ணம் எனக்குப் பிடிக்கும். 24 பேர் உள்ள வகுப்பில் நான் செய்கிறேன், எல்லார் முகமும் தெரிகிறது. 46 பேருக்கு எங்கள் அறை அளவில் அது வராது. பக்கவாட்டில் உட்கார்கிறவர்களுக்குக் கழுத்து வலிக்கும் என்ற குறையும் உண்மை. அதற்குப் பதில், ஒவ்வொரு திங்கட்கிழமையும் வரிசையைச் சுழற்றுங்கள். பெஞ்சுகளுக்கு நடுவில் நீங்கள் நடந்து போக ஒரு வழி இருக்க வேண்டும். கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று பாடம் நடத்திப் பாருங்கள், அறையே வேறாகத் தெரியும்.


பழையபள்ளி | ஜூலை 6, காலை 9.00

கடைசிபெஞ்ச் தம்பி எழுதியது மனதை அழுத்துகிறது. என்னிடம் அடி வாங்கியவர்களில் வண்டியை நிறுத்திக் கும்பிடுகிறவர்களைத்தான் எனக்குத் தெரியும். நிறுத்தாமல் போனவர்கள் எத்தனை பேரோ, நான் எண்ணிப் பார்த்ததில்லை.

ஆனாலும் என் வாதத்தை முழுவதும் விட்டுக்கொடுக்க மாட்டேன். 46 பேரை 46 படியில் வைத்துப் பார்க்க இந்த ஒரு பெண்ணால் முடியுமா? கல்வி உரிமைச் சட்டமே 6 முதல் 8 வகுப்பு வரை 35 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்கிறது, அதற்கு அடுத்த வகுப்பில் 46 பேரை அடைத்து வைத்திருக்கிறோம். எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு, பயிற்சிக் கூட்டம், தேர்தல் பணி எல்லாம் தாண்டித்தான் அவர் வகுப்புக்கு வருகிறார். அடிக்காதே என்று சொல்கிறவர்கள் ஆளையும் நேரத்தையும் தர வேண்டாமா? எல்லாப் பாரத்தையும் அவர் தலையில் இறக்கி வைத்துவிட்டு ‘அன்பாக இரு’ என்று மட்டும் சொன்னால் இரண்டு ஆண்டில் அவர் களைத்துவிடுவார்.


வேப்பமரத்தடி | ஜூலை 6, மாலை 4.15

இதில் ஐயாவோடு முழுக்க உடன்படுகிறேன். தலைமையாசிரியருக்கும் இதில் வேலை இருக்கிறது. மதிய உணவுக்குப் பிறகு வரும் பாடவேளையை வாரம் நான்கு நாளும் கணக்குக்கே போட்ட கால அட்டவணை சரியில்லை. டீச்சர், தயங்காமல் போய்க் கேளுங்கள். இரண்டு நாளை மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-இல் வெளியிட்ட ஆய்வு நினைவுக்கு வருகிறது. அமைதியான வகுப்பின் ஆசிரியரும் கலவரமான வகுப்பின் ஆசிரியரும் எப்படிக் கண்டிக்கிறார்கள் என்று பார்த்தார். கண்டிக்கும் முறையில் சொல்லத்தக்க வேறுபாடு கிடைக்கவில்லை. வேறுபாடு அதற்கு முன்பே இருந்தது. அமைதியான வகுப்பின் ஆசிரியர்கள் அறை முழுவதையும் கவனித்தார்கள், ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு இடைவெளி விடாமல் கொண்டுபோனார்கள். நான் பணியில் இருந்தபோது இது தெரியாது. தெரிந்திருந்தால் கண்டிப்பதில் செலவழித்த ஆண்டுகளை வேறு விதமாகச் செலவழித்திருப்பேன்.


கணக்குப்பலகை | ஆகஸ்ட் 17, மாலை 6.30

நீண்ட நாள் எழுத முடியவில்லை. மன்னிக்கவும்.

மலர்மொட்டு டீச்சர், நீங்கள் சொன்ன பத்துக் கணக்கைக் கொடுத்தேன். 19 பேருக்கு மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரியவில்லை. அவர்களில் 11 பேருக்குக் கடன் வாங்கிக் கழிப்பதிலேயே தடுமாற்றம். அழாமல் இருக்க முடியவில்லை. நான் அதட்டிக்கொண்டே இருந்த பெயர்களையும் இந்த 19 பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். மூன்று பேரைத் தவிர எல்லாரும் இரண்டு பட்டியலிலும் இருந்தார்கள். தாளம் போடுகிறவனுக்கு மனக்கணக்கு எல்லாம் வருகிறது, எழுத்தில் வகுத்தல் வரவில்லை. ஈவில் நடுவே வரும் பூச்சியத்தை விட்டுவிடுகிறான். 612-ஐ 3-ஆல் வகுத்தால் 24 என்கிறான். ‘612 ரூபாயை மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 24 ரூபாய்தானா?’ என்று கேட்டேன். சிரித்துவிட்டு அவனே 204 என்று திருத்தினான். இத்தனை ஆண்டுகளில் யாரும் அவனிடம் இப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது.

சிலேட்டு 50 வாங்கினேன். முதல் நாள் கேலி செய்தார்கள், இரண்டாம் நாள் குச்சிக்குச் சண்டை. இப்போது பாடவேளையின் முதல் பத்து நிமிடம் சிலேட்டுக் கணக்கு. அதற்குள் வகுப்பு உட்கார்ந்துவிடுகிறது. நான் கத்தி மூன்று வாரம் ஆகிறது.

தூங்குகிற பையன்: பாலக்கோடு சந்தையில் தக்காளி வரத்து அதிகமாக இருக்கும் நாள்களில் இரவு இரண்டு மணிக்கு அப்பாவோடு பெட்டி இறக்கப் போகிறான். தலைமையாசிரியரும் நானும் வீட்டுக்குப் போனோம். அவன் அம்மா தேநீர் கொடுத்தார், தலை குனிந்தே பேசினார். சனிக்கிழமை இரவு மட்டும் போவான் என்று ஒப்புக்கொண்டார்கள். அது இரண்டு வாரம் நடந்தது. இந்த வாரம் மறுபடி செவ்வாய்க்கிழமை தூங்கினான். நான் எழுப்பவில்லை. கடைசிப் பத்து நிமிடம் எழுப்பி, அன்றைய சிலேட்டுக் கணக்கை மட்டும் போடச் சொன்னேன். இது சரியா என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு பையன், பெயர் வேண்டாம், எதற்கும் அசையவில்லை. போன வாரம் ஒரு பெண்ணைத் தகாத சொல்லால் திட்டினான். மிகவும் கோபம் வந்தது, கை உயர்ந்துவிட்டது. அப்படியே பலகையைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.


சிறப்புக்கல்வி | ஆகஸ்ட் 17, இரவு 8.00

தூங்கினவனை எழுப்பாமல் விட்டதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவன் வீட்டுக்கு மறுபடி போங்கள், ஒரு முறை போனால் போதாது. தேவைப்பட்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்வதிலும் தயக்கம் வேண்டாம். அது அந்தக் குடும்பத்துக்கு எதிரானது என்று நினைக்க வேண்டியதில்லை, உதவித்தொகைகளுக்கு வழி காட்டவும் அவர்களால் முடியும். மற்ற பையனை இரண்டு வாரம் கவனித்து எழுதி வையுங்கள்: எந்த நேரம், யார் பக்கத்தில், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. எழுதினால்தான் ஒழுங்கு தெரியும். திட்டப்பட்ட அந்தப் பெண்ணிடமும் தனியாகப் பேசினீர்களா? இப்படிப்பட்ட நேரத்தில் எல்லாரும் பையனையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், அவளை மறந்துவிடுவார்கள்.


கணக்குப்பலகை | ஆகஸ்ட் 17, இரவு 8.25

பேசவில்லை. நாளை முதல் வேலை அதுதான்.


கடைசிபெஞ்ச் | ஆகஸ்ட் 18, இரவு 11.10

டீச்சர், 612-ஐ வகுத்த கதையை எங்கள் பட்டறையில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். எங்களில் மூன்று பேர் 24 என்றுதான் சொன்னோம்.


விசில்சத்தம் | ஆகஸ்ட் 19, காலை 6.50

கை உயர்ந்தபோது பலகையைத் துடைத்தீர்களே, அதைத்தான் நான் வீரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். எதிரணி ஆள் தள்ளிவிட்டால் உடனே குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டு என்பேன்.


கணக்குப்பலகை | செப்டம்பர் 27, மாலை 7.00

காலாண்டுத் தேர்வு முடிந்தது. ‘ஆ’ பிரிவில் தேர்ச்சி பெற்றவர்கள் 25 பேர். பக்கத்துப் பிரிவில் 31. தலைமையாசிரியர் கூட்டத்தில் அதைப் படித்தபோது எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் அந்த 19 பேரில் 14 பேர் இந்த முறை விடைத்தாளை வெறுமையாகத் தரவில்லை. அது எந்தப் பட்டியலிலும் வராது. கால அட்டவணையில் இரண்டு நாள் மாற்றித் தந்துவிட்டார்கள்.

அந்தப் பெண்ணிடம் பேசினேன். இரண்டு மாதமாக அவன் அப்படித்தான் பேசுகிறானாம். எனக்கு ஒரு நாள்தான் தெரிந்திருக்கிறது. அவள் இடத்தை அவளே தேர்ந்தெடுத்துக்கொண்டாள். அவனுடைய பெற்றோரை வரவழைத்துப் பேசினோம். அவன் அடங்கிவிட்டான் என்று சொல்ல முடியாது. அவளிடம் மட்டும் வம்புக்குப் போவதில்லை.

ஒரு கேள்வி இருக்கிறது. அடுத்த ஆண்டு இதே பிள்ளைகள் பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வு என்பதால் ‘சிலேட்டு விளையாட்டெல்லாம் வேண்டாம், வினாவங்கியை மனப்பாடம் செய்ய வையுங்கள்’ என்று இப்போதே சொல்கிறார்கள். நான் என்ன சொல்லி மறுப்பது?


மலர்மொட்டு | செப்டம்பர் 28, காலை 7.15

மறுக்க வேண்டாம், காட்டுங்கள். அரையாண்டுக்கு முன் ஒருநாள் தலைமையாசிரியரை வகுப்புக்கு அழைத்து, பொதுத்தேர்வு வினாத்தாளில் வந்த ஒரு மதிப்பெண் கேள்விகள் பத்தைச் சிலேட்டில் போட வையுங்கள். 46 விடையையும் அவரே ஒரே பார்வையில் பார்க்கட்டும். அவரையும் கடைசி வரிசைக்குப் பின்னால் நிற்க வையுங்கள்.

சிலேட்டுக் குச்சியை இப்போதே மொத்தமாக வாங்கிவிடுங்கள். மழைக்காலத்தில் நனைந்த குச்சி எழுதாது, பழைய பால் பவுடர் டப்பாவில் போட்டு மூடி வையுங்கள்.